ஒத்தக் கட்டி என்று சொல்ல உடம்பு முழுக்கத் தேட வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசத்தில் மட்டிப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். மாமா முறை வரும் ஒருவர் கை கழுவும் இடத்தில் காத்திருந்து, மஞ்சள் துணிப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "மக்கா, நீ லேப்புலதானே இருக்க? இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு. ஆளுக்கு ஒண்ணு சொல்லுதானுவ."

மாமா ரப்பர் வெட்டுக்காரர், வயது 58. விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகக் குனிந்து நிமிர்பவர் என்பதால் ஏழெட்டு மாதமாக இருந்த முதுகுவலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவல். அப்புறம் 'தேய்மானம்' என்று மாத்திரை. கடைசியில் ராத்திரி படுத்தால் தூங்க முடியாமல் வலி வந்த பிறகுதான் ஸ்கேன், பயாப்ஸி எல்லாம். காகிதத்தின் கடைசி வரியில் இருந்த சொல் பிளாஸ்மாசைட்டோமா.

அந்தச் சொல்லுக்கு உறவுக்காரர்கள் ஏற்கெனவே மூன்று விளக்கம் கொடுத்திருந்தார்கள். ஒருவர் இது ரத்தப் புற்றுநோய் என்றார். இன்னொருவர் எலும்பு கேன்சர் என்றார். மூன்றாவது ஆள், கொஞ்சம் படித்த பையன்தான், 'பிளாஸ்மா குறைஞ்சு போச்சு, பிளட் பேங்கில் வாங்கி ஏத்தினால் போதும்' என்று சொல்லியிருக்கிறான். மூன்றுமே சரியில்லை, ஆனால் மூன்றும் உண்மையைக் கொஞ்சம் உரசிக்கொண்டுதான் போகின்றன. நான் டாக்டர் இல்லை. சதையை மெல்லிசாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்புக்கு ஸ்லைடு தயார் பண்ணுகிற வேலை எனக்கு. வைத்தியம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு மாமாவிடம் பந்தலுக்கு வெளியே நின்று சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதலாம்.

பிளாஸ்மா வேறு, பிளாஸ்மா செல் வேறு

குழப்பமே இந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. பிளாஸ்மாசைட்டோமா என்றால் பிளாஸ்மா செல்கள் பெருகி உண்டாகும் கட்டி, பிளாஸ்மாவில் வரும் கோளாறு அல்ல. உறையாதபடி மருந்து கலந்த டியூபில் ரத்தத்தை எடுத்து அசையாமல் வைத்தால், சிவப்பு கீழே தங்கி, மேலே இளமஞ்சளாக ஒரு நீர் நிற்கும். அதுதான் பிளாஸ்மா. அது ஒரு திரவம். டெங்குக் காய்ச்சல் நேரத்திலும், 2020-ல் கொரோனா நேரத்திலும் நாம் கேள்விப்பட்ட பிளாஸ்மா இதுதான்.

பிளாஸ்மா செல் என்பது உயிருள்ள ஒரு செல். அது சாதாரணமாக ரத்தத்தில் மிதந்துகொண்டிருப்பதில்லை. எலும்புக்குள்ளே இருக்கிற மஜ்ஜையில் குடியிருக்கிறது. மஜ்ஜை என்றால் வேறொன்றுமில்லை, நல்லி எலும்பை உறிஞ்சினால் வருகிறதே, அதுதான். மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உள்தோலுக்கு அடியிலும் இந்தச் செல்கள் நிறைய உண்டு. வெளியிலிருந்து கிருமி நுழையும் வாசல்கள் அவை என்பதால் அங்கே காவல் தேவைப்படுகிறது. இந்த இரண்டு இருப்பிடங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மஜ்ஜை ஒன்று, மூக்கு தொண்டைப் பக்கம் இன்னொன்று. பின்னால் கட்டி எங்கே வரும் என்ற கேள்விக்கு இதுவே பாதிப் பதில்.

ஒரு மீனுக்கு ஒரு வலை

பிளாஸ்மா செல்லின் வேலை என்ன? குளச்சல், முட்டம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் வலை கட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். சாளைக்கு ஒரு கண்ணளவு, நெத்தோலிக்கு இன்னொன்று, பெரிய மீனுக்கு வேறொன்று. நெத்தோலி வலையை வைத்துக்கொண்டு சூரைக்குப் போக முடியாது. பிளாஸ்மா செல்லும் அப்படி ஒரு வலைக்காரர்தான். குறிப்பிட்ட ஒரு கிருமியைப் பிடிப்பதற்கென்றே அளவெடுத்த ஒரு புரதத்தைப் பின்னிப் பின்னி ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் புரதத்துக்குப் பெயர் ஆன்டிபாடி. ஒரு பிளாஸ்மா செல் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு வகை ஆன்டிபாடியைத்தான் செய்யும், ஆனால் அதை நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்து தள்ளும். கொரோனா காலத்தில் குணமானவர்களின் பிளாஸ்மாவைக் கேட்டு வாங்கியது அந்த நீரில் மிதந்த ஆன்டிபாடிக்காக. பிளாஸ்மாவுக்கும் பிளாஸ்மா செல்லுக்கும் உள்ள உறவு கடைக்கும் பட்டறைக்கும் உள்ள உறவு மாதிரி, சரக்கு இங்கே செய்யப்பட்டு அங்கே கிடக்கிறது.

இந்தச் செல்லை மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. மற்ற செல்களில் உட்கரு பெரும்பாலும் நடுவில் இருக்கும், இதில் ஓரமாக ஒதுங்கி நிற்கும், முட்டையை உடைத்து ஊற்றும்போது மஞ்சள்கரு ஒரு பக்கமாக வழுக்கிப் போய் நிற்பது மாதிரி. அந்த உட்கருவுக்குள்ளே கருநீலத் திட்டுகள் விளிம்பைச் சுற்றி வட்டமாக அடுக்கியிருக்கும். கடிகாரத்தின் முகம் போல என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எனக்கு மாட்டு வண்டிச் சக்கரம்தான் ஞாபகம் வரும். உட்கருவை ஒட்டி ஒரு சின்ன வெளிறிய பிறை தெரியும். பின்னி முடித்த புரதத்தை மடித்துக் கட்டி வெளியே அனுப்பும் இடம் அது. மீதி உடம்பெல்லாம் ஊதா கலந்த நீலம். ஒரு செல் முழுக்க முழுக்கத் தொழிற்சாலையாகவே வாழ்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், பிளாஸ்மா செல் என்பது நமக்கு வேண்டிய ஆள்தான், மஜ்ஜையிலும் மூக்கு தொண்டைப் பக்கமும் உட்கார்ந்து ஆன்டிபாடி செய்கிறவர். ஸ்லைடில் அதைப் பார்த்தாலே நோய் என்று அர்த்தமில்லை. ஆறாத புண், காசநோய், நாள்பட்ட சளி, இவற்றிலெல்லாம் பிளாஸ்மா செல்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். அப்படியானால் காவலுக்கு வந்த கூட்டம் எது, கட்டியாக மாறிய கூட்டம் எது?

வாழையடி வாழை

நம்ம ஊரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. வீட்டுப் பின்புறத்தில் வாழை நிற்கும் இரண்டு விளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் விளையில் மட்டி, பேயன், செந்துளுவன், ரசகதலி, நேந்திரன் எல்லாம் கலந்து நிற்கின்றன. யாரோ பல இடங்களிலிருந்து கன்று வாங்கி வந்து நட்டிருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரியும். இரண்டாவது விளையில் ஆயிரம் வாழை நிற்கிறது, ஆயிரமும் ஒரே ரகம், ஒரே தாய் மூட்டிலிருந்து பக்கக் கன்று வெடித்து வெடித்துப் பரவியது. வாழையடி வாழை. இப்படி ஒரே தாயிலிருந்து பெருகிய அச்சு அசலான கூட்டத்துக்குப் பெயர் குளோன்.

கிருமியோடு சண்டைக்கு வந்த பிளாஸ்மா செல்கள் முதல் விளை. பல தாய்க்குப் பிறந்தவை, பல வகை ஆன்டிபாடி செய்பவை. கட்டி இரண்டாவது விளை. எங்கேயோ ஒரே ஒரு பிளாஸ்மா செல் 'போதும், நிறுத்து' என்ற கட்டளையைக் கேட்காமல் பிரிந்து பெருகத் தொடங்கியிருக்கிறது, அதன் வாரிசுகள் எல்லாம் அதே ஒரே புரதத்தைச் செய்கின்றன.

லேபில் இதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறோம் என்பது இந்த முழுக் கதையிலும் எனக்குப் பிடித்த இடம். ஆன்டிபாடியில் பெரிய சங்கிலி, சின்னச் சங்கிலி என்று இரண்டு பாகங்கள் உண்டு. சின்னச் சங்கிலி இரண்டே வகை, கப்பா, லாம்ப்டா. ஒரு பிளாஸ்மா செல் ஒன்று கப்பா செய்யும், இல்லையென்றால் லாம்ப்டா செய்யும், இரண்டையும் செய்யாது. சாதாரணக் கூட்டத்தில் ஏறக்குறைய இரண்டு கப்பாவுக்கு ஒரு லாம்ப்டா என்ற கணக்கில் கலந்திருக்கும். நாங்கள் அதே கட்டியிலிருந்து அடுத்தடுத்து வெட்டிய ஸ்லைடுகளை எடுத்து, ஒன்றுக்கு கப்பாவைப் பிடிக்கும் சாயம், இன்னொன்றுக்கு லாம்ப்டாவைப் பிடிக்கும் சாயம் போடுவோம். பிடித்த இடம் காப்பிப் பொடி நிறத்தில் பழுப்பாக மாறும். காசநோய்ப் புண் என்றால் இரண்டு ஸ்லைடிலும் அங்கங்கே பழுப்பு. மாமாவுடைய மாதிரிக் கட்டி என்றால் ஒரு ஸ்லைடு முழுக்கப் பழுப்பு, மற்றது வெறும் நீலம். அந்த இரண்டு கண்ணாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சந்தேகத்துக்கு இடமே இருக்காது. இவை பிளாஸ்மா செல்கள்தானா என்று உறுதிப்படுத்த சிடி138 என்ற இன்னொரு சாயமும் போடுவது வழக்கம்.

ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவிவிடும் என்று பயந்து பயாப்ஸிக்கே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. இந்தக் கட்டியைப் பொறுத்தவரை சதை எடுக்காமல் பெயர் வைக்க வழியில்லை. ஸ்கேனில் பார்த்தால் காசநோயும் இதுவும் வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கலாம், மூன்றுக்கும் மருந்து மூன்று விதம்.

எலும்பில் ஒன்று, எலும்புக்கு வெளியே ஒன்று

ஒரே இடத்தில் மட்டும் வரும் பிளாஸ்மா செல் கட்டிக்குத்தான் தனிப் பிளாஸ்மாசைட்டோமா என்று பெயர், நம்ம பேச்சில் ஒத்தக் கட்டி. (தனிக்கட்டி என்று எழுதினேன், மாமா தனிக்கட்டை என்று வாசித்துவிட்டு, "அது நம்ம பிரம்மச்சாரி கொச்சப்பனுக்குல்லா பொருந்தும்" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.) இது அபூர்வம். பிளாஸ்மா செல் சம்பந்தமான புற்றுநோய்கள் 100 பேருக்கு இருந்தால் அதில் 5 பேர் அளவில்தான் இப்படி ஒற்றையாக இருக்கும். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு, பெரும்பாலும் 55, 60 வயதை ஒட்டி.

எலும்பில் வருவது அதிகம். அதிலும் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடை எலும்பின் மேல்பகுதி என்று வயதான பிறகும் சிவப்பு மஜ்ஜை மிச்சம் இருக்கிற இடங்களாகப் பார்த்து வரும். கட்டி செல்கள் எலும்பைக் கடித்துத் தின்பதில்லை, அவை செய்யும் வேலை இன்னும் தந்திரமானது. நம் எலும்பில் எப்போதும் இடிக்கிற ஆளும் கட்டுகிற ஆளும் சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பழையதைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகச் சுண்ணாம்பு பூசும் செல்கள் மறுபக்கம். கட்டி செல்கள் இடிக்கிற ஆளை உசுப்பிவிட்டு, கட்டுகிற ஆளை வேலை செய்ய விடாமல் உட்கார வைத்துவிடுகின்றன. அதனால்தான் எக்ஸ்ரேயில் சுற்றிலும் வெள்ளை வரம்பு இல்லாமல், துளைத்தெடுத்தது மாதிரி ஒரு கருப்பு ஓட்டை தெரிகிறது.

அந்த ஓட்டைகூட உடனே தெரியாது. ஒரு இடத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுண்ணாம்புச் சத்து கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரே அதைக் காட்டும். மாமாவின் முதல் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் 'தேய்மானம்' என்று சொன்னதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை, அந்த வயதில் தேய்மானம் இல்லாத முதுகு எங்கே இருக்கிறது? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. வேலை செய்தால் கூடி, படுத்தால் குறைகிற வலி ஒரு ஜாதி. ராத்திரி படுக்கையிலும் விடாமல், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகிற வலி வேறு ஜாதி. இரண்டாவது ஜாதி வலியோடு தடவல் படுக்கையில் போய்க் குப்புறப் படுப்பது ஆபத்து. வர்ம ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, எங்கள் வீட்டில் எத்தனையோ சுளுக்கு அவர்கள் கையில் சரியாகியிருக்கிறது, ஆனால் உள்ளே கரைந்து ஓடு மட்டும் மிச்சமிருக்கிற முதுகெலும்பை வெளியிலிருந்து அழுத்தினால் அது நொறுங்கி உட்காரலாம், உள்ளே போகிற தண்டுவடம் நசுங்கலாம். கால் மரத்துப் போவது, நடக்கும்போது கால் பின்னுவது, மூத்திரம் வராமல் நிற்பது, இவை வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைக்க நேரமில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

முதுகெலும்பு என்றால் நம் நாட்டில் டாக்டர்களுக்கு முதலில் காசநோய் நினைவுக்கு வருவது நியாயம்தான். ஒரு பொதுவான அடையாளம் சொல்வார்கள். காசநோய் இரண்டு எலும்புக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டையும் சேர்த்துக் கெடுக்கும், கட்டி பெரும்பாலும் எலும்போடு நின்றுவிடும், வட்டைத் தொடாது. எப்போதும் அப்படியே என்று சொல்ல முடியாது. இன்னொரு விசித்திரமும் உண்டு. கட்டி வந்த முதுகெலும்பைக் குறுக்காக ஸ்கேனில் பார்த்தால், அரைகுறையாக மிச்சமிருக்கும் எலும்புத் தூண்கள் மடிப்பு மடிப்பாக நின்று ஒரு குட்டி மூளை போலத் தெரியும். மாமாவின் படத்தில் அது எனக்கே தெரிந்தது.

எலும்புக்கு வெளியே வருவது குறைவு, வந்தால் 10-ல் 8 பங்கு மூக்கு, சைனஸ், தொண்டை, குரல்வளைப் பக்கம். ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம், குரல் கம்மல். சாதாரணச் சளி என்றே பல நாள் ஓடும்.

சுருக்கமாக, செல் ஒன்றுதான், எலும்புக்குள் என்றால் வலியும் முறிவும், வெளியே என்றால் அடைப்பும் ரத்தமும். இரண்டுக்கும் குணத்திலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அது பின்னால்.

'ஒத்த' என்ற சொல் எங்கிருந்து வருகிறது

எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான், நான் இதை எழுத உட்கார்ந்ததும் இதற்காகத்தான். 'ஒரே இடத்தில்தான் இருக்கு' என்று பயாப்ஸி ரிப்போர்ட் சொல்லிவிட்டதாக மாமா நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்லைடால் அதைச் சொல்லவே முடியாது. இந்தத் துண்டில் இருப்பது ஒரே தாயிலிருந்து பெருகிய பிளாஸ்மா செல்கள் என்பதோடு எங்கள் வேலை முடிந்தது. இதே செல்கள் மஜ்ஜை முழுக்கப் பரவிக் கிடக்கும் நோய்க்கு மைலோமா என்று பெயர், அதுதான் பரவலாகப் பார்க்கிற நோய். அந்த மைலோமாவின் ஒரு மூலையிலிருந்து கிள்ளி எடுத்தாலும் எங்கள் கண்ணாடியில் இதே படம்தான், ஒரு வித்தியாசமும் தெரியாது.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு தென்னையில் சிவப்புக் கூன்வண்டு விழுந்துவிட்டது என்று தெரிந்தால் விவரமுள்ளவர் அந்த ஒரு மரத்தோடு விடமாட்டார். விளையில் நிற்கிற அத்தனை மரத்தையும் சுற்றி வருவார், தடியில் ஓட்டை இருக்கிறதா, பழுப்பு நீர் வடிகிறதா என்று பார்ப்பார், மரத்தில் காதை வைத்துக் கேட்பார், உள்ளே புழு கடைகிற கறுக் கறுக் சத்தம் கேட்கும். எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லையென்றால்தான் 'ஒத்த மரம்தான்' என்று சொல்வார்.

மாமாவுக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே இந்தக் குளோன் செல்கள் இல்லாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தாலும் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'ஒத்தக் கட்டி, ஆனால் மஜ்ஜையில் லேசான வாசனை உண்டு' என்று தனியாக ஒரு பிரிவில் வைப்பார்கள், 10-ஐத் தொட்டால் கணக்கு மைலோமா பக்கம் போய்விடும். உடம்பு முழுக்க எம்ஆர்ஐ அல்லது பெட் ஸ்கேன் எடுத்து வேறு எலும்பில் ஓட்டை இல்லை என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறதா, கிரியாட்டினின் கூடி கிட்னி அடிபட்டிருக்கிறதா, ஹீமோகுளோபின் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த மூன்றும் மைலோமா உடம்பைப் பிடித்துவிட்டதற்கான அடையாளங்கள். சர்வதேச மைலோமா குழு 2014-ல் வெளியிட்ட வரையறையின் சாரமும் இதுதான்.

இன்னொரு பரிசோதனை இருக்கிறது, அதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த கூட்டம் ஒரே புரதத்தைச் செய்கிறது என்று சொன்னேன் அல்லவா, அந்தப் புரதம் ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அதற்கு எம் புரதம் என்று பெயர். ரத்தத்தின் புரதங்களை மின்சாரத்தில் ஓடவிட்டுப் பிரித்தால் அது மட்டும் கூர்மையான ஒரு கோடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சின்னச் சங்கிலி மட்டும் உதிர்ந்து மூத்திரத்தில் வருவதும் உண்டு. 1840-களில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர் கையில் இப்படி ஒரு மூத்திரம் வந்தது. அதைச் சூடாக்கினால் முட்டை வெள்ளை மாதிரி கலங்கித் திரிந்தது. சரி, புரதம் என்று விட்டுவிடலாம் என்றால், இன்னும் சூடாக்கிக் கொதி வந்ததும் தெளிந்துவிட்டது. ஆறவிட்டால் மறுபடியும் கலங்கியது. வெந்த முட்டை திரும்பக் கரையுமா? இது கரைந்தது. அந்த விசித்திரப் புரதம் ஆன்டிபாடியின் சின்னச் சங்கிலிதான் என்று 1962-ல்தான் நிரூபித்தார்கள். இன்றைக்கு யாரும் டெஸ்ட் டியூபைச் சூடாக்கிக்கொண்டிருப்பதில்லை, சங்கிலியை ரத்தத்திலேயே நேரடியாக அளக்கிறார்கள்.

ஒத்தக் கட்டியில் எம் புரதம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் கொஞ்சமாக இருக்கும். அதற்கு இன்னொரு உபயோகம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

ஆக, கட்டியைப் பார்த்துத் தெரிவது பிளாஸ்மாசைட்டோமா என்ற பெயர் மட்டும். அதற்கு முன்னால் வருகிற 'தனி' என்ற சொல், மற்ற இடமெல்லாம் தேடிக் காணாததால் வருகிறது. பயாப்ஸி வந்தாச்சே, இன்னும் ஏன் மஜ்ஜை எடுக்கிறார்கள், ஏன் இவ்வளவு ஸ்கேன், காசு பிடுங்குகிறார்களா என்று மாமா வீட்டில் கேட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அத்தனை செலவும்.

கரண்ட் வைப்பது

நம்ம மாவட்டத்தில் ஒருவர் 'ஆர்.சி.சி.க்குப் போயிருக்காரு' என்றால் வேறு விளக்கம் யாரும் கேட்பதில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அந்த அளவுக்கு நம் பேச்சில் கலந்துவிட்டது. அங்கே போய் வந்தவர்கள் 'கரண்ட் வச்சாங்க' என்பார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் ஊர்ப் பெயர் அது. உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே போன்ற, ஆனால் அதைவிடப் பல மடங்கு சக்தியுள்ள கதிரை, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் குறிவைத்துச் செலுத்துவார்கள். செலுத்தும்போது வலிக்காது, ஒரு தடவைக்குச் சில நிமிடம்தான்.

பிளாஸ்மா செல் கட்டி கதிருக்கு நன்றாகவே மடியும். உடம்பில் இறங்கும் கதிரின் அளவை கிரே என்ற அலகில் சொல்வார்கள். வழக்கமாக மொத்தம் 40 முதல் 50 கிரே வரை, ஒரே நாளில் கொடுக்காமல் நாலைந்து வாரத்துக்குப் பிரித்து, சனி ஞாயிறு விட்டு 20, 25 தடவையாகக் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கட்டி அந்த இடத்தில் திரும்ப வருவதில்லை. முதுகெலும்பு நொறுங்கும் நிலையில் இருந்தாலோ தண்டுவடம் நசுங்கியிருந்தாலோ முதலில் ஆபரேஷன், கம்பி வைத்து நிறுத்திவிட்டு அப்புறம் கரண்ட். கீமோ மருந்து வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. முடி கொட்டுமா என்று மாமி கேட்டார், கதிர் தலைப் பக்கம் போனால்தான் கொட்டும், முதுகுக்கு வைத்தால் தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு எச்சரிக்கை. சிகிச்சை முடிந்து ஸ்கேன் எடுத்தால் அந்த ஓட்டை பெரும்பாலும் அப்படியே தெரியும். செல்கள் செத்தாலும் கரைந்த எலும்பு சீக்கிரம் நிரம்பி வராது. படத்தைப் பார்த்து 'ஒன்றும் குறையவில்லை' என்று வீட்டில் ஒப்பாரி வைத்த கதை நடந்திருக்கிறது, மாமா வீட்டிலேயே.

முடிந்த பிறகும் ஏன் வரச் சொல்கிறார்கள்

எலும்பில் வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு 10 வருடத்துக்குள் அது மைலோமாவாக மாறுகிறது, மாறினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்திலேயே தெரிந்துவிடும். எலும்புக்கு வெளியே வந்தவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. குணத்தில் பெரிய வித்தியாசம் என்று முன்னால் சொன்னது இதைத்தான். மஜ்ஜையில் லேசாகக் கலந்திருந்தால் எலும்புக் கட்டிக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு 3 வருடத்துக்குள் மாறிவிடும்.

கரண்ட் சரியாக வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கதிர் வைத்த மரம் செத்துவிட்டது, ஆனால் விளையின் வேறொரு மூலையில் காதுக்கே எட்டாத சத்தத்தில் ஒரு புழு அன்றைக்கே இருந்திருக்கலாம். எம் புரதத்தின் உபயோகம் இங்கேதான். முதலில் அது இருந்து, சிகிச்சைக்குப் பிறகு மறைந்துபோனால் நல்ல சகுனம். ஒரு வருடம் கழித்தும் ரத்தத்தில் அது நின்றால், அதைச் செய்கிற பட்டறை எங்கோ இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம், டாக்டர் கண்ணைக் கூர்மையாக்கிக்கொள்வார்.

மணலைப் பற்றி எல்லோரும் கேட்பது

மணவாளக்குறிச்சிப் பக்கத்து ஆள் யாருக்காவது கேன்சர் என்றால் உடனே கடற்கரை மணலைச் சொல்வோம். அந்த மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, இயற்கையாகவே அங்கே கதிர்வீச்சு கூடுதல், இதெல்லாம் உண்மை. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைச் சராசரியாக 10 வருடம் தொடர்ந்து கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. மணல் அள்ளுவதை எதிர்க்க நம்மிடம் வேறு நூறு காரணம் இருக்கிறது, அது தனிப் பேச்சு. மாமா குலசேகரம்காரர், மலையடிவாரம், கடலைப் பார்ப்பதே வருடத்துக்கு ஒரு தடவை. இது தொற்றாது, பிள்ளைகளுக்குச் சொத்து மாதிரி எழுதிவைக்கிற நோயும் இல்லை.

மாமாவுக்கு 25 நாள் கரண்ட் வைத்தார்கள். இப்போது வெட்டுக்குப் போவதில்லை, ரப்பர் ஷீட் உலர்த்துவதைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, அதே மஞ்சள் பையோடு என்னைப் பார்க்க வருவார். போன தடவை வந்த காகிதத்தில் 'எம் புரதம் காணப்படவில்லை' என்று இருந்தது. அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"மக்கா, காணப்படல்லன்னா இல்லைன்னு அர்த்தமா, பாத்தவங்களுக்குக் கண்ணுல படல்லன்னு அர்த்தமா?"

"கண்ணுல படல்லன்னுதான் மாமா."

"செரி. தென்னை மூட்டுல காது வச்ச மாதிரி." காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தார். "அப்பம் சித்திரையில வாறேன்."